புதுப்பிப்பு: பாய்மரப் படகு முகாம் முடிந்தது, மகள் திரும்பிவிட்டாள்

நீச்சல் சுமாராகத்தான் வரும் பதினோரு வயது மகளை ஒரு வார முகாமுக்கு அனுப்பலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பலரும் தைரியம் சொன்னீர்கள், அனுப்பிவிட்டோம்.

முதல் வேலையே படகைக் கவிழ்ப்பதுதானாம்! பிள்ளைகள் ஓட்டுவது ஆப்டிமிஸ்ட் என்ற சின்னப் படகு, 2.3 மீட்டர் நீளம், ஒரே பாய். 1947இல் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்கென்றே வடிவமைத்தது. உள்ளே காற்றுப்பைகள் இருப்பதால் கவிழ்ந்தாலும் மூழ்காது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையைப் பிடித்துத் தொங்கி, அதன்மேல் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்பக்கம் சாய்ந்தால் பாய் மெதுவாகத் தண்ணீரை விட்டு எழும்புகிறது, அப்புறம் வாளியால் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகியதில் பாதி பயம் போய்விட்டது என்கிறாள். எனக்குத்தான் கரையில் நின்று பார்க்க வயிற்றைக் கலக்கியது.

காற்று வரும் திசைக்கு நேராகப் போகவே முடியாது, வளைந்து வளைந்துதான் போக வேண்டும் என்பதை இப்போது சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்து எங்களுக்கு வகுப்பெடுக்கிறாள்.

என்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: உடம்போடு ஒட்டிய லைஃப் ஜாக்கெட் (பெரிதாக வாங்கினால் தண்ணீரில் முகத்துக்கு ஏறிவிடும்), பழைய மூடிய காலணி, கயிறு கட்டிய தொப்பி. சன்ஸ்கிரீனைக் காலையில் மட்டும் போட்டால் போதாது, மதியமும் பூசச் சொல்லுங்கள். மூக்கு இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது.