தேர்தல் நடக்காத ஊராட்சிக்கு நிதிக்குழு மானியம் இல்லை: இது நியாயமா?

வைப்பாற்றுக்கரை:
ராஜபாளையம் தாண்டித் தென்காசிப் பக்கம் போனால் மாவட்ட எல்லைப் பலகை வரும். மத்திய வரிப் பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைப்பது நிதிக்குழு. பலகைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊராட்சி 2025-இல் 15-வது நிதிக்குழு மானியத்துக்குத் தகுதி உள்ளதாக இருந்தது. இந்தப் பக்கம், விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது தகுதி இழந்தது. அதே மலை, அதே தண்ணீர்ப் பஞ்சம். வித்தியாசம் என்னவென்றால், தென்காசி உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. விருதுநகர் உட்பட மற்ற ஊரக மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்தது. 2019-இல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் உரிய நேரத்தில் நடக்கவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாவிட்டால் மானியம் இல்லை என்பது நிதிக்குழு விதி. 12,525 ஊராட்சிகளில் 2,901-க்குத்தான் தகுதி மிஞ்சியது.

இதில் கொடுமை என்னவென்றால், 2018-இல் மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் நாடு முழுக்கப் பின்தங்கிய 112 மாவட்டங்களை முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பட்டியலிட்டது. அதில் தமிழ்நாட்டில் இரண்டே இரண்டு, விருதுநகரும் ராமநாதபுரமும். இரண்டுமே 2025-இல் மானியம் நின்ற பட்டியலில் சேர்ந்தன. ஒரு கையால் ‘நீ பின்தங்கியவன், முன்னேறு’ என்று தட்டிக்கொடுத்துவிட்டு மறு கையால் குழாய்க்கான காசை நிறுத்துவது என்ன திட்டம்?

கறார் கணக்கர்:
எல்லைப் பலகைக் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் கோபத்தைத் தப்பான வாசலில் கொட்டுகிறீர்கள். அரசமைப்புச் சட்டம் 243E என்ன சொல்கிறது? ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டுகள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும். இதை நிதிக்குழு புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 14-வது நிதிக்குழுவும் முறைப்படி அமைந்த ஊராட்சிகளுக்குத்தான் மானியம் என்றது. இந்தப் பணம் தன்னாட்சி அமைப்புக்கானது. அமைப்பே இல்லாத இடத்தில் யாருக்குக் கொடுப்பது? தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு உட்கார வைக்கும் தனி அலுவலருக்கா? மாநிலத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள்; ஒன்றியத்துக்குச் சராசரி 32 ஊராட்சிகள். அத்தனைக்கும் தனி அலுவலராக ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர். அவருக்கு எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று எப்படித் தெரியும்?

வைப்பாற்றுக்கரை:
சட்டம் சரி. சட்டத்தை மீறியது யார்? எங்கள் ஊர் வார்டு உறுப்பினரா? தேர்தல் தேதியை ஊராட்சியா குறிக்கிறது? வார்டு மறுவரையறை, பக்கத்து நகராட்சியோடு இணைப்பு என்று காரணம் சொல்லித் தள்ளிப்போட்டது மேலே இருப்பவர்கள். அபராதம் மட்டும் கீழே வருகிறது. அப்பன் கட்டாத கடனுக்குப் பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைப் பிடுங்குவது மாதிரி.

மானியத்தை நிறுத்தும் இந்தப் பிரம்பு வேலை செய்கிறதா என்றும் பார்ப்போம். பழங்குடியினர் இடஒதுக்கீடு ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்று 2016 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. அதன் பிறகு ஊரகத் தேர்தல் வர 2019 டிசம்பர் ஆயிற்று. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி. அப்போதும் மானியம் நிறுத்தப்பட்டது. கடைசியில் தேர்தலைக் கொண்டுவந்தது வழக்குகளும் உச்ச நீதிமன்றமும்தான். மானியம் நின்றதால் அந்த நாற்காலிகளில் யாருக்காவது வலித்ததா?

கறார் கணக்கர்:
வலிக்கவில்லை என்பதால் பிரம்பையே தூக்கிப் போட்டுவிடலாமா? பணமும் வரும், தேர்தலும் வேண்டாம், அதிகாரி மூலமே எல்லாம் நடக்கும் என்றால் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அதற்குச் சொர்க்கம்தான். பிறகு தேர்தலே வராது. மாநில நிதி ஆணையம் வழியாக மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஊராட்சி பட்டினியில் இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு குறைந்திருக்கிறது.

ஒன்றியத்து ஆள்:
ஐயா, ஒரு வேளை குறைந்தால் என்ன ஆகும் என்று ஒன்றிய அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தவன் சொல்கிறேன். 15-வது நிதிக்குழுப் பணத்தில் 60 சதவீதம் டைடு, அதாவது குறித்த வேலைக்கு மட்டும்: குடிநீருக்கு 30, சுகாதாரத்துக்கு 30. மீதி 40 அன்டைடு. சம்பளம், அலுவலகச் செலவு தவிர ஊருக்குத் தேவையான எதற்கும் செலவிடலாம். ஒன்றில் தேவை முழுதாகத் தீர்ந்துவிட்டால், கிராம சபை சான்று கொடுத்து அந்தப் பணத்தை அடுத்ததற்கு மாற்றலாம். ஆழ்துளைக் கிணற்று மோட்டார், பைப்லைன் நீட்டிப்பு எல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் ஓடும். மாநிலப் பணத்தில் கரண்ட் பில்லும் சம்பளமும் போக மிச்சம் என்ன நிற்கும் என்று எந்த ஊராட்சிச் செயலரை வேண்டுமானாலும் கேளுங்கள். மோட்டார் எரிந்தால் தலைவராவது கடன் சொல்லி ஆள் கூப்பிடுவார். தனி அலுவலர் கோப்பு எழுதுவார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் வேலை அது.

இன்னொன்று. தலைவர் இருந்தாலும் பணம் தானாக வந்துவிடாது. போன ஆண்டின் தற்காலிகக் கணக்கும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கும் இணையத்தில் ஏறியிருக்க வேண்டும். அங்கேயே பல ஊராட்சிகளுக்கு மூச்சு வாங்கும்.

சேலத்துக்காரி:
ஊராட்சி பற்றிய விவாத இழையில் நகராட்சிக்காரி நுழைவதற்கு மன்னிக்கவும். நிபந்தனை வேலை செய்யாது என்கிறீர்களே, 2022 ஏப்ரலில் மாநிலம் முழுக்க நகர்ப்புறச் சொத்து வரியை 25 முதல் 150 சதவீதம் வரை ஏற்றினார்கள். அப்போது அரசு சொன்ன காரணமே 15-வது நிதிக்குழு நிபந்தனைதான். சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநில உற்பத்தி வளர்ச்சிக்கு ஈடாக வசூலைக் கூட்டாவிட்டால் நகர்ப்புற மானியம் கிடையாதாம். அந்த நிபந்தனைக்கு எவ்வளவு வேகம் பார்த்தீர்களா! வரியை ஏற்றினால் மாநிலத்துக்கு லாபம், பழி டெல்லிக்கு. தேர்தல் நடத்தினால் மாநிலத்துக்கு என்ன லாபம்? பிரம்பு ஒன்றுதான், அடி விழும் முதுகு வேறு.

வைப்பாற்றுக்கரை:
அக்கா, அப்படிப் போடுங்க. நான் கேட்பதும் அதுதான். அடிக்க வேண்டிய முதுகைப் பார்த்து அடியுங்கள். குடிநீர், சுகாதாரத்துக்கான 60 சதவீதத்தை நிறுத்தாமல் விடுங்கள். தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் மாநிலத்துக்கு வரும் மத்திய வரிப் பங்கில் பிடியுங்கள். ஆறு மாதத்தில் வாக்குப்பெட்டி வந்துவிடும்.

கறார் கணக்கர்:
அது முடியாது தம்பி. வரிப் பங்கு 270-வது பிரிவின் கீழ் மாநிலத்தின் உரிமை. அதற்கு நிபந்தனை வைக்க முடியாது. இன்று இதற்குப் பிடித்தால் நாளை வேறு ஏதாவது காரணம் சொல்லிப் பிடிப்பார்கள். அப்போது ‘மாநில உரிமை பறிபோகிறது’ என்று முதல் ஆளாக நீங்களே இழை தொடங்குவீர்கள். மானியத்துக்குத்தான் நிபந்தனை வைக்கலாம், அதைத்தான் வைத்திருக்கிறார்கள். வேண்டுமானால் ஒன்று செய்யலாம். நிறுத்திய தொகையைத் தனிக் கணக்கில் வைத்திருந்து, புதிய தலைவர்கள் பதவியேற்றதும் மொத்தமாகக் கொடுக்கலாம்.

வைப்பாற்றுக்கரை:
எந்தக் கணக்கில்? 15-வது குழுவின் காலம் 2026 மார்ச் வரைதான். அதற்குள் தேர்தல் நடக்காத ஊராட்சியின் நிலுவையை 16-வது குழு ஏற்கும் என்று எங்கே எழுதியிருக்கிறது? வரிப் பங்கைத் தொட முடியாது என்பது சரி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஊராட்சி இழந்த தொகையை மாநிலம் தன் கஜானாவிலிருந்து ஈடுகட்ட வேண்டும் என்று மாநிலச் சட்டத்திலேயே போடட்டும். தள்ளிப்போட்டவர்களே கொடுக்கட்டும்.

கறார் கணக்கர்:
சட்டமன்றம் தன் கையைத் தானே கட்டிக்கொள்ளும் என்று நம்புகிறீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. நிபந்தனை இருக்கட்டும் என்பதே என் கட்சி.

ஒன்றியத்து ஆள்:
ஒரு சந்தேகம். தென்காசிப் பக்கம் உட்பட அந்த ஒன்பது மாவட்டங்களுக்கும் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. அதற்கான வார்டு வரையறை வேலை தொடங்கிவிட்டதா? அங்கே உள்ளவர்கள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.