சூடேறியதும் அலையும் தானியங்கி ஸ்டீயரிங்: வால்வை மாற்றத்தான் வேண்டுமா?

பிறை வயல்காரன்
வணக்கம். பினாங்கின் செபராங் பிறையில் நெல் வயல் உழும் எங்கள் டிராக்டரில், செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு வண்டியை நேர்கோட்டில் செலுத்தும் தானியங்கி ஸ்டீயரிங்கைப் பின்னர் வாங்கிப் பொருத்தினோம். காலையில் கோடு பிசகாமல் ஓடும் வண்டி, ஹைட்ராலிக் எண்ணெய் நன்றாகச் சூடேறியதும் கோட்டின் இருபுறமும் மாறி மாறி அலைகிறது. வலப்பக்கம் திரும்புவதில்தான் தாமதம் அதிகம். கையால் ஓட்டும்போது எந்தக் குறையும் இல்லை. வால்வுத் தொகுதியையே மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். அதற்கு முன் நாங்களே சோதிக்கக்கூடியவை எவை?

பட்டர்வொர்த் பட்டறை
ஐயா, இப்போதே மாற்ற வேண்டாம். சூட்டிலும் கை ஸ்டீயரிங் சரியாக இருப்பதால் பம்பையும் சிலிண்டரையும் சந்தேகிக்க இடம் குறைவு. இரு பக்கமும் ஒரே அளவில் மந்தமாக இருந்திருந்தால், பம்புக்குச் சுமையைத் தெரிவிக்கும் லோட் சென்சிங் குழாயையும், இரு வழிகளில் அழுத்தம் மிகுந்ததை அதற்குள் விடும் ஷட்டில் வால்வையும் பார்க்கச் சொல்லியிருப்பேன். தானியங்கி வால்வின் அழுத்தம் அந்த வழியே பம்பை எட்டாவிட்டால், கை ஸ்டீயரிங் நன்றாக இருக்கும்போதே தானியங்கி மட்டும் தளர்ந்துபோகும். உங்களுக்கோ ஒரு பக்கம்தான் தாமதம் அதிகம்; அது வால்வுக்குள் நகர்ந்து எண்ணெயைத் திருப்பிவிடும் தண்டான ஸ்பூலையோ, அதை மின்சாரத்தால் நகர்த்தும் அந்தப் பக்கத்துக் கம்பிச்சுருளான காயிலையோ காட்டுகிறது.

சூடான எண்ணெய் நீர்த்து, ஸ்பூலைச் சுற்றி அதிகம் கசியும். காயிலின் மின்தடையும் ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும். 50 பாகை சூடேறினால் ஐந்தில் ஒரு பங்கு. இதனால் சக்கரம் அசையத் தேவையான குறைந்தபட்சச் சமிக்ஞை உயர்ந்துவிட, திருத்தம் தாமதமாக வந்து, பிறகு அளவுக்கு மீறிப் போகிறது. சக்கரத்தை அசைக்க எவ்வளவு சமிக்ஞை வேண்டும் என்று கருவி அளந்து பதியும் கேலிப்ரேஷனை எண்ணெய் குளிர்ந்திருந்தபோது செய்தார்களா?

பிறை வயல்காரன்
ஆம், பொருத்திய அன்று எஞ்சினைக் கிளப்பியவுடன், கொட்டகையிலேயே செய்தார்கள்.

பட்டர்வொர்த் பட்டறை
அப்படியானால் எண்ணெய் வேலைச் சூட்டை எட்டிய பின், கெட்டியான சமதளத்தில் மீண்டும் செய்யுங்கள். வலப்பக்கத்தின் தொடக்க மதிப்பு, அதாவது சக்கரம் அசையத் தேவையான அந்தக் குறைந்தபட்சச் சமிக்ஞை, அப்போதும் மிக அதிகமாக வந்தால், எஞ்சினை நிறுத்தி இரு காயில்களின் இணைப்பிகளையும் இடம் மாற்றிவிட்டு, வண்டி நின்ற நிலையில் திரையிலிருந்து மட்டும் இடமும் வலமும் ஏவிப் பாருங்கள். சக்கரம் எதிர்த்திசையில் திரும்பும் என்பதால் அந்த நிலையில் ஓட்டவே கூடாது. சக்கரம் வலப்பக்கம் போகும்போதே தாமதம் தொடர்ந்தால் குறை வால்விலோ காயிலிலோ இருக்கிறது. இடப்பக்கத்துக்கு மாறினால் வயரிலோ கட்டுப்பாட்டுப் பெட்டியிலோ இருக்கிறது. வால்வு என்றே தெரிந்தாலும், ஸ்பூலில் தூசு சிக்கியிருக்கலாம். கழற்றிச் சுத்தம் செய்து ஃபில்டரை மாற்றிய பிறகு விலை பேசலாம்.

கெப்பாலா பத்தாஸ் ஓட்டுநர்
சேற்று வயலில் ஓடும் வண்டி என்பதால் எண்ணெயின் நிறத்தையும் பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. அந்த எண்ணெயை வைத்துக்கொண்டு செய்யும் எந்தக் கேலிப்ரேஷனும் நிலைக்காது.

மாலையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று: பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 5 பாகை வடக்கே இருப்பதால், சூரியன் மறைந்த பின் சில மணி நேரம் வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனிமண்டலத்தில் ஏற்படும் குலைவு செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கெடுக்கக்கூடும், அப்போதும் வண்டி அலையும், ஹைட்ராலிக்கின்மேல் பழி விழும். ஆகவே திரையில் ஆர்டிகே (செயற்கைக்கோள் காட்டும் இடத்தைச் சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தும் சமிக்ஞை) நிலையாக இருக்கும் பகல் வேளையில் சோதியுங்கள்.

கசிவைத் தேடும்போது குழாயின்மேல் கையை ஓட்டாமல் ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள், ஐயா. நுண்துளையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.