கல்லூரிக்குப் போன மகன் வேறு ஆளாகத் திரும்பியிருக்கிறான்

குடியாத்தம் தறிக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருக்கிறேன். 19 வயதான என் மகன் வேலூரில் விடுதியில் தங்கிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு வரை, பள்ளி விட்டு வந்ததும் என் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெசவு நூலைத் தாரில் (நூல் சுற்றும் சிறு குழலில்) சுற்றிக் கொடுத்தபடியே அன்றைய பாடத்தை ஒப்பிப்பான். பொங்கலுக்கு வந்தவனோ திருநீறு வைத்துக்கொள்ள மறுத்தான். குடிமைப் பணித் தேர்வு, புகைப்படக் கலை, இல்லையென்றால் இதே தறித்தொழில் என்று மூன்று நாளில் மூன்று எதிர்காலம் சொன்னான். அவன் விடுதிக்குப் போன பிறகு, விட்டுச்சென்ற நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். 17 முறை கையெழுத்துப் போட்டுப் பழகியிருக்கிறான். ஒன்றில்கூட என் பெயரின் முதலெழுத்து இல்லை. இது சகவாச தோஷமா? இந்த வயதுக்கு மேல் ஒருவனின் குணம் இவ்வளவு மாறுமா?

காட்பாடி ஆசிரியை:

ஐயா, நீங்கள் எழுதியிருப்பதில் குணமாற்றம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. சுறுசுறுப்பு, பொறுப்பு, கூச்சம், கோபம் ஆகியவை குணத்தைச் சேர்ந்தவை. நான் யார், எதை நம்புகிறேன், என்ன தொழில் செய்வேன் என்பவை அடையாளத்தைச் சேர்ந்தவை. உங்கள் மகன் தொட்டுப் பார்ப்பது இரண்டாவதை.

அடையாளத் தேடலை வளரிளம் பருவத்தின் மையப் பணியாக விளக்கியவர் உளவியலாளர் எரிக் எரிக்சன். அதை ஆய்வுக்கு உகந்த வடிவத்துக்குக் கொண்டுவந்த ஜேம்ஸ் மார்சியா, 1966இல் ஒவ்வோர் இளைஞரிடமும் இரண்டு கேள்விகளைப் பார்த்தார்: தேடியிருக்கிறாரா, முடிவெடுத்திருக்கிறாரா? தேடாமலே பெற்றோரின் முடிவைத் தன் முடிவாக ஏற்றுக்கொண்டவர்கள் ஒரு வகை. முடிவெடுக்காமல் தேடிக்கொண்டிருப்பவர்கள் மற்றொரு வகை. தேடலும் இல்லாமல் முடிவும் இல்லாமல் இருப்பவர்கள், தேடித் தெளிந்தவர்கள் என்று இன்னும் இரண்டு வகைகளும் உண்டு. நம் வீடுகளில் முதல் வகைப் பிள்ளையைத் தங்கம் என்றும் இரண்டாம் வகைப் பிள்ளையைக் கெட்டுப்போனவன் என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். தறிக்குப் பக்கத்தில் ஒப்பித்த பிள்ளை முதல் வகையில் இருந்திருக்கக்கூடும். இப்போது இரண்டாம் வகைக்கு வந்திருக்கிறான்.

கையெழுத்து உங்களைச் சுட்டது புரிகிறது. எரிக்சனே தன்னைப் பெற்ற தந்தை யாரென்று அறியாமல் வளர்ந்தவர். மாற்றாந்தந்தையின் ஹோம்பர்கர் என்ற பெயரைச் சுமந்திருந்து, 1939இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது எரிக்சன் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். ஹோம்பர்கரையும் அவர் அடியோடு விட்டுவிடவில்லை, நடுப்பெயராக வைத்துக்கொண்டார்.

குணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்கிறோம். ஆனால் ஒரே ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த 92 ஆய்வுகளை உளவியலாளர் ராபர்ட்ஸ் குழுவினர் 2006இல் தொகுத்துப் பார்த்தபோது, பொறுப்புணர்வும் மன அமைதியும் 20க்கும் 40க்கும் இடையில்தான் கூடுதலாக வளர்வது தெரிந்தது. வகுப்பிலேயே கூச்சமான பிள்ளை தன் வயதினரிடையே பின்னரும் சற்றுக் கூச்சமானவராகவே இருப்பார் என்பதும் உண்மைதான். தூக்கமும் உணவும் கெட்டு, எதிலுமே நாட்டமின்றி அவன் ஒடுங்கிப்போனால் மட்டும் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்; 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணிலும் தமிழில் பேசலாம்.

ஆம்பூர்வாசி:

ஆசிரியை அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மார்சியா அன்று பேசியது கல்லூரியில் படித்த ஆண்களிடம் மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். 18 முதல் 25 வரையிலான ஆண்டுகளைத் தனிப் பருவமாக 2000இல் வரையறுத்த ஜெஃப்ரி ஆர்னெட்டின் கருத்தும், வேலையையும் திருமணத்தையும் தள்ளிப்போட முடிகிற சமூகங்களுக்கே அதிகம் பொருந்துகிறது. நான் உளவியல் படித்துவிட்டு ஷூ தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். இங்கே 18 வயதில் தையல் பிரிவில் சேரும் பெண்ணுக்குத் தேடுவதற்கு யார் நான்கு ஆண்டு கொடுக்கிறார்கள்?

இருந்தும் அவள் மாறுகிறாள். சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே கை நடுங்கிய ஒரு பெண், இரண்டே ஆண்டில் தையல் கோணிய அப்பரை (ஷூவின் மேல்பகுதியை) மேசைமேல் வைத்து, "ஊசி மழுங்கியிருக்கிறது, என் கையில் பிழையில்லை" என்று நிமிர்ந்து சொன்னதை நேரில் பார்த்தேன். 62 நாடுகளை ஒப்பிட்டு 2013இல் வெளிவந்த ஆய்வொன்றும், இளைஞர்கள் முன்னதாகவே வேலைப் பொறுப்பை ஏற்கும் நாடுகளில் குணமும் முன்னதாகவே முதிர்வதாகக் காட்டியது. ஆகவே, ஐயா, மகனைத் தேட விடுங்கள். அதோடு அவன் சொன்ன மூன்றாவது எதிர்காலத்தைச் சோதித்துப் பார்க்க உண்மையான பொறுப்பு ஒன்றையும் கொடுங்கள்.

ராணிப்பேட்டை 24:

நானும் இருபது வயதில் அப்பாவின் முதலெழுத்தை விட்டவன்தான். பிறகு பாஸ்போர்ட் எடுத்தபோது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அவர் பெயரை முழுதாக எழுதினேன். முன்பு ஒற்றை எழுத்தாக இருந்தவர் இப்போது எல்லா விமான நிலையங்களிலும் என்னோடு சேர்த்து அழைக்கப்படுகிறார்.

குடியாத்தம் தறிக்காரர்:

பதிலளித்த மூவருக்கும் நன்றி. சனிக்கிழமை வந்திருந்தான். நூல் வாங்கிய பில்களையும் கடைக்காரர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கிக் கணக்கையும் அவனிடம் கொடுத்து, இந்த மாதம் நீ பார் என்றேன். இரவு பதினொரு மணி வரை கூட்டிக் கழித்துவிட்டு, "ஒரு லுங்கிக்கு இவ்வளவுதானா நிற்கிறது, அப்பா?" என்று கேட்டான். கையெழுத்தைப் பற்றி நான் இன்னும் கேட்கவில்லை.