விடுமுறைத் திருவிழாவுக்கா, திடல் விளக்குக்கா? நகராண்மைக் கழகப் பணம் எதற்குப் போகணும்?

திடல்காரன்

வணக்கம் ஊர் மக்களே. அடுத்த ஆண்டு வரவு செலவுக்கு நகராண்மைக் கழகம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் நம்ம ஊரில் நடக்கும் மூன்று நாள் மக்கள் திருவிழாவுக்கு மறுபடி மானியம் கொடுக்கலாமா என்பது அதில் ஒரு கேள்வி. வேண்டாம், அந்தப் பணத்தில் திடலுக்கு விளக்குப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று இங்கே சொல்கிறேன்.

பழைய தோட்டத்துத் திடலில் பதினைந்து வருடமாகப் பையன்களுக்குக் காற்பந்து சொல்லித் தருகிறேன். ஏழரைக்கெல்லாம் இருட்டிவிடும், விளக்கு கிடையாது. பந்தை எடுத்து வைத்ததும் பிள்ளைகள் வீட்டுக்கா போகிறார்கள்? நேரே மெயின் ரோட்டுக் கடை மூலைக்கு. அங்கே போதை தரும் கெத்தும் இலைத் தண்ணியோடு யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும். 2013-இல் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. அதில் பல கும்பல்களுக்கு எண்தான் பெயர். ஒரு எண்ணைக் காட்டி, “சார், இது நம்ம அண்ணனுங்க” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னவனுக்கு வயது 13. மூன்று ராத்திரி மேடை போட்டால் அந்த மூன்று ராத்திரி அவன் நம்மோடு இருப்பான். மிச்சம் 362 ராத்திரி?

லயத்துக்கிளி

தம்பி, உங்க வருத்தம் புரியுது. ஆனா திருவிழாவை வெட்டி விளக்குப் போடணுமா?

நாங்க தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தப்போ யார் வீட்டுப் பிள்ளை எங்க நிக்குதுன்னு பத்து வாசல்லயும் தெரியும். தப்புப் பண்ணா யாரு வேணாலும் காதைத் திருகலாம், அம்மாக்காரி கோவிச்சுக்க மாட்டா. தோட்டத்தை வித்தாங்க. ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது. மூணு தோட்டத்து ஜனம் இப்போ ஒரே அடுக்குமாடியில இருக்கோம். எதிர்வீட்டுக்காரங்க பேரே எனக்கு நாலு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அதுவும் திருவிழாவுல பக்கத்துப் பக்கத்துல கடை போட்டதால. நான் கச்சான் பூத்தே கடலை, அவங்க வடை. இன்னிக்கு என் மகன் ராத்திரி பத்து மணிக்குக் கீழே நின்னா அவங்க எனக்குப் போன் பண்றாங்க. போன் பண்ற அளவுக்குப் பழக்கம் எங்க கிடைச்சது? திடல்லயா?

செம்பனைக்காட்டான்

பிப்ரவரி கடைசியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் தவறாமல் வீட்டு வரி கட்டுகிறவன் நான். எங்கள் வரிசையில் லோங்காங் (சாக்கடை) அடைத்தால் ஒரு மழைக்கே தண்ணீர் வாசலுக்கு வருகிறது. முதலில் அதைச் சரிசெய்யட்டும். இளைஞர்களைப் பார்க்க இளைஞர் விளையாட்டு அமைச்சு இருக்கிறது, இந்தியர்களுக்கு மித்ரா என்ற அரசாங்கப் பிரிவு இருக்கிறது. ஆட்டம் பாட்டமெல்லாம் நகராண்மைக் கழக வேலையா?

வாத்தியார்_ஓய்வு

அதன் வேலையும்தான் ஐயா. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 101-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பூங்கா, விளையாட்டுத் திடல், சமூக மண்டபம் எல்லாம் அமைத்துப் பராமரிக்க அதிகாரம் கொடுத்திருக்கிறது. உங்கள் லோங்காங்கும் அதே கழகத்தின் பொறுப்புதான். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிப்போட அவர்களுக்கு நாமே வழி சொல்லிக் கொடுக்கக் கூடாது.

திருவிழா வெறும் ஆட்டம் பாட்டம் என்று சொல்லும்போது மனம் வலிக்கிறது. 1952-இல் தமிழவேள் கோ. சாரங்கபாணி தமிழர் திருநாளைத் தொடங்கினார். சாதி, சமயம் பார்க்காமல் எல்லாரும் ஒன்றாக நிற்க ஒரு நாள் வேண்டும் என்பதே நோக்கம். சிங்கப்பூரில் தொடங்கியது மலாயா தோட்டங்களுக்கும் வந்தது. எங்கள் தோட்டத்தில் அதற்காகப் பேச்சுப் போட்டி, நாடகம், ஓட்டப்பந்தயம் எல்லாம் வைப்போம். நான் முதன்முதலில் ஒலிவாங்கியைப் பிடித்தது அந்த மேடையில். பால் வெட்டுகிற அப்பா கீழே நின்று கேட்டார். பிறகு நான் ஆசிரியரானதற்கு அந்த ஒரு மாலையும் காரணம்.

திடல்காரன்

ஐயா, உங்கள் மேடையில் தோட்டத்துப் பிள்ளைகள் பேசினார்கள். போன வருடம் நம்ம மேடையில் யார் நின்றது? வெளியூர்ப் பாட்டுக் குழு. நம்ம பிள்ளைகள் நாற்காலி தூக்கினார்கள், அவ்வளவுதான்.

வேறு நாட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். ஐஸ்லாந்தில் 1998-இல் 15, 16 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டபோது, முந்தைய ஒரு மாதத்தில் குடித்து மயங்கியிருந்தோம் என்றவர்கள் 42 விழுக்காடு. 2016-இல் அது 5. விளையாட்டு, இசை, நடனம் என்று ஆண்டு முழுக்க வகுப்புகளுக்கு அரசாங்கம் பணம் போட்டது. தலைநகரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வகுப்புக் கட்டணத்துக்கு உதவித்தொகை. தொடர்ந்து நடக்கிற வேலைக்குத்தான் பலன், அண்ணி. மூன்று நாள் கூத்துக்கு இல்லை.

லயத்துக்கிளி

அதே ஐஸ்லாந்தைப் பத்தி நானும் படிச்சிருக்கேன். பெத்தவங்க ஒண்ணாக் கூடி, பிள்ளைங்களை ராத்திரி வெளியில விடமாட்டோம்னு ஒப்பந்தம் போட்டாங்க. அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே. ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஜனம் எப்படி ஒப்பந்தம் போடும்? இங்க பாதி அப்பாமார் மில்லுல நைட் ஷிப்ட். அவங்க ஒரே இடத்துல கூடுறது அந்தத் திருவிழாவுக்குத்தான்.

இன்னொண்ணு. ரொம்ப நாளா மனசுல இருக்கு, கேட்டுடறேன். உங்க திடல்ல எத்தனை பொம்பளப் பிள்ளை ஆடுது?

உறுமி_பையன்

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எனக்கு 22. பாரம் ஃபோர்ல ஸ்கூல் போறதையே விட்டவன். அந்தக் கடை மூலையில நானும் உக்காந்திருக்கேன். என்னை அங்கேருந்து இழுத்தது உறுமி மேளம். திருவிழாவுல வாசிக்க இடம் தர்றோம்னாங்க, செப்டம்பர்ல ஆரம்பிச்சு வாரம் நாலு ராத்திரி பழகினோம். மூணு நாள் விழாதான், ஆனா அதுக்கு முன்னாடி மூணு மாசம் நாங்க எங்கயும் போகல. தாளம் தப்பினா மாஸ்டர் திட்டுவார், மறுநாள் வரலன்னா வீட்டுக்கே வந்து கூப்பிடுவார். விளக்குப் போடுங்கண்ணே, நல்லதுதான். ஆனா விளக்கு யாரையும் வீட்டுக்கு வந்து கூப்பிடாது.

போன வருஷம் வெளியூர்க் குழுவைக் கூப்பிட்டதால எங்க ஆளுங்க பழகவே இல்ல. ரெண்டு பேர் பழைய இடத்துக்கே போயிட்டாங்க. அவங்களை நெனச்சா இன்னும் தூக்கம் வரல.

திடல்காரன்

தம்பி, நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்த இரண்டு பேரில் ஒருவன் என்னிடம் ஆடியவன் என்று நினைக்கிறேன். தனியாக எனக்கு எழுது.

அண்ணி, உங்கள் கேள்விக்குப் பதில்: ஒரு பெண் பிள்ளைகூட இல்லை. பதினைந்து வருடத்தில் நான் கூப்பிட்டதும் இல்லை. தப்புதான்.

ஆனாலும் மானியத்தை இப்போது இருக்கிற மாதிரியே கொடுக்கச் சம்மதிக்க மாட்டேன். கூடாரத்துக்கும் வெளியூர்ப் பாடகருக்கும் போகிற பணத்தைச் செப்டம்பர் முதலே மாஸ்டர்களுக்குக் கொடுக்கட்டும். உறுமி, சிலம்பம், நடனம் எதுவானாலும் சரி. மேடையில் ஏறுவது ஊர்ப் பிள்ளைகளாக இருக்கட்டும். விளக்கையும் நான் விடப்போவதில்லை. இதையெல்லாம் ஒரே கடிதமாக எழுதிக் கழகத்துக்குக் கொடுப்போம், கையெழுத்துப் போடுவீர்களா?

லயத்துக்கிளி

வெளியூர்ப் பாடகர் வந்தாத்தான் மில்லுக்காரங்களும் கெழவிங்களும் வீட்டை விட்டு இறங்குறாங்க தம்பி. ஒரு ராத்திரியாவது அவங்களுக்கு இருக்கட்டும். அதுல எனக்கு உங்களோட ஒத்துப்போகல. மாஸ்டருக்குச் சம்பளம்னா கையெழுத்துப் போடறேன். பொண்ணுங்களுக்குன்னு தனியா எழுதுங்க, அப்பத்தான் போடுவேன்.

செம்பனைக்காட்டான்

லோங்காங்கையும் ஒரு வரி சேருங்கள்.

வாத்தியார்_ஓய்வு

கடிதம் மட்டும் அனுப்பினால் போதாது. 1965-இல் உள்ளாட்சித் தேர்தலை நிறுத்திய பிறகு உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. அவர்கள் ஓட்டுக் கேட்டு நம் வாசலுக்கு வரப்போவதில்லை, நாம்தான் அவர்களிடம் போகவேண்டும். அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி கழகக் கூட்டத்தில் பொதுமக்கள் போய் உட்காரலாம். தனித் தீர்மானம் போட்டால்தான் கதவை மூட முடியும். பேச விடமாட்டார்கள். ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார்கள். கூட்டத்துக்கு முன்பே கடிதத்தை நம் பகுதி உறுப்பினர் கையில் கொடுத்துவிடலாம். மலாயில் நான் எழுதித் தருகிறேன்.

உறுமி_பையன்

காலையில கூட்டம்னா நான் லீவு போடறேன். மாஸ்டரோட வேன் இருக்கு, மேளத்தை இறக்கிட்டா பதினோரு பேர் உக்காரலாம். அக்கா, உங்க பிளாக்கிலேருந்து எத்தனை பேர்?