‘தி ஓமன்’: கோரஸ் முழங்குகிறது, பேச்சு கேட்கவில்லை

1976இல் ரிச்சர்ட் டானர் இயக்கிய ‘தி ஓமன்’ என்ற திகில் படத்தின் ப்ளூரே தட்டில் மூன்று வாரமாகத் தொல்லை. ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் லத்தீன் கோரஸ் சுவரை அதிரவைக்கிறது. நாயகன் கிரெகரி பெக் பேசுவதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. ஆஸ்கர் வாங்கிய இசைதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுகிறார்கள். படத்தில் வரும் சிறுவன் டேமியனின் பிறந்தநாள் விழாவில் மாடியிலிருந்து தாதி கூப்பிடும் குரல்கூட எட்டவில்லை.

பிளேயர் 2014இல் வாங்கியது. எச்டிஎம்ஐ இணைப்பு, டிவியில் உள்ள இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டுமே. தட்டில் ஓடுவது 5.1 ஒலித்தடம், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் பிரித்த ஒலி. கேபிளை மாற்றினேன், தட்டைத் துடைத்தேன், டிவியின் ஒலி அமைப்பையும் மாற்றிப் பார்த்தேன். பயனில்லை. இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ தட்டுகள் ஒழுங்காகவே ஓடுகின்றன.

5.1 ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்கு ஏற்றபடி சுருக்கித் தர, பிளேயரில் எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?