தட்டில் புகை எழுந்தும் புள்ளி இல்லை: ட்ராப் போட்டியில் நடுவர் தீர்ப்பு சரியா?

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வசிக்கிறேன். தென்னந்தோப்பில் இறங்கும் காட்டுப்பன்றிகளுக்காக அப்பா உரிமம் பெற்று வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியைத் தவிர வேறு துப்பாக்கியை நான் அறியேன். என் அக்காள் மகள் ஓராண்டாக வாளையாறு தாண்டிக் கோவைப் பக்கம் சென்று ட்ராப் சுடுதல் (பொறி வீசும் தட்டைப் பறக்கும்போதே சுடும் ஆட்டம்) பயின்று வருகிறாள். சென்ற மாதம் ஒரு கழகப் போட்டிக்கு அவளுடன் நானும் சென்றிருந்தேன். அங்கே அவளுக்கு இரண்டு புள்ளிகள் பறிபோயின.

முதலாவதில், பறந்து சென்ற தட்டிலிருந்து கரும்புகை போலத் தூள் எழுந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். ஆனாலும் நடுவர் அதைத் தவறியது என்றே அறிவித்தார். இரண்டாவதில், விசையை இழுத்தும் துப்பாக்கி வெடிக்கவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க அவள் அதைத் திறந்த உடனே, அதையும் தவறிய தட்டாகவே எழுதிவிட்டார்கள். கருவியின் பழுதுக்குப் பிள்ளையைத் தண்டிப்பது முறைதானா? விதி தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மூன்றாம் மேடை எழுதியது:

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆயினும், அந்தப் போட்டி பன்னாட்டுச் சுடுதல் கூட்டமைப்பின் விதிப்படி நடந்திருந்தால், இரண்டு தீர்ப்புகளும் சரியானவையே.

தட்டு உடைந்தது என்று அறிவிக்க, அதிலிருந்து ஒரு துண்டாவது பிரிந்து விழுவதை நடுவர் தம் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். களிமண் தட்டு என்று பெயர் வழங்கினாலும், அது சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் சேர்த்து வார்த்த, 110 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 105 கிராம் எடையும் கொண்ட பொருள். தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளான ரவைகளில் ஓரிரண்டு உரசிச் சென்றால் தூள் மட்டும் பறந்து, தட்டு முழுதாகவே போய் விழும். அதற்குப் புள்ளி கிடையாது. களத்தில் விழுந்த தட்டை எடுத்து வந்து, துளை இருக்கிறது பாருங்கள் என்று காட்டுவதற்கும் விதியில் இடமில்லை. தீர்ப்பில் ஐயம் இருந்தால், அடுத்தவர் சுடுவதற்குள் சுட்டவரே கையை உயர்த்தி மறுப்பைத் தெரிவிக்க வேண்டும். வேலிக்கு வெளியே நிற்கும் மாமாவின் குரல் கணக்கில் சேராது (என் குரலும் ஒரு காலத்தில் சேரவில்லை என்பதால் சொல்கிறேன்).

இரண்டாவது நிகழ்ச்சியே முக்கியமானது. துப்பாக்கி வெடிக்காவிட்டால், குழலைக் களத்தை நோக்கியபடியே பிடித்துக்கொண்டு, அதைத் திறக்காமலும், தவறுதலாக வெடிக்காமல் தடுக்கும் காப்புப் பொத்தானைத் தொடாமலும், நடுவர் வந்து பார்க்கும் வரை நிற்க வேண்டும். பழுது கருவியிலோ தோட்டாவிலோ இருந்ததாக அவர் கண்டால், வேறு தட்டு தரப்படும். தோட்டா போட மறந்திருந்தாலோ காப்பை விடுவிக்காமல் விசையை இழுத்திருந்தாலோ அது சுடுபவரின் பிழை; புள்ளி போகும். திறந்துவிட்ட துப்பாக்கியில் எது நடந்தது என்று யாரால் சொல்ல முடியும்? விதி கருவியின் பழுதுக்காகத் தண்டிக்கவில்லை. பழுதுக்கான சான்று அழிந்துபோனதால் சலுகையை மறுக்கிறது. மேலும், வெடிக்காத தோட்டா சற்றுத் தாமதித்து வெடிப்பதும் உண்டு என்பதால், அவசரமாகத் திறப்பது பக்கத்தில் நிற்பவர்களுக்கும் ஆபத்து.

நகரி மேட்டுக்காரர் எழுதியது:

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். மேலே கூறப்பட்டதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டாக்கள் வரை சுடலாம். எந்தத் தோட்டாவில் உடைந்தாலும் ஒரே புள்ளிதான். முதல் தோட்டா தவறி, இரண்டாவது பழுதால் வெடிக்காமல் போனால், திரும்பத் தரப்படும் தட்டில் முதல் தோட்டாவை வேண்டுமென்றே குறி தவறச் சுட்டு, இரண்டாவதால்தான் உடைக்க வேண்டும். முதல் தோட்டாவிலேயே உடைத்துவிட்டால் அது தவறியதாகவே எழுதப்படும். இதை அறியாமல், உடைத்த மகிழ்ச்சியில் திரும்பிப் பார்த்துப் புள்ளியை இழந்த பெரியவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் இறுதிச் சுற்றில் இந்தச் சிக்கலே எழவில்லை. அங்கே தட்டுக்கு ஒரே தோட்டா. அப்படியிருந்தும் பிரிட்டனின் நேதன் ஹேல்ஸ் 50 தட்டுகளில் 48 உடைத்துத் தங்கம் வென்றார். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த நம் பிருத்விராஜ் தொண்டைமானும் அந்த ஒலிம்பிக்கில் ட்ராப் பிரிவில் கலந்துகொண்டார்.

வழிப்போக்கன் எழுதியது:

நான் படித்த விதியில் தகுதிச் சுற்று, இறுதிச் சுற்று என்ற பேதமின்றித் தட்டுக்கு ஒரு தோட்டாதான் என்று இருக்கிறதே?

மூன்றாம் மேடை எழுதியது:

நீங்கள் படித்தது அமெரிக்க ட்ராப் ஆட்டத்தின் விதியாக இருக்கலாம். அங்கே ஒற்றைத் தட்டுப் பிரிவில், 16 கெஜம் பின்னால் நின்று ஒரே பொறியிலிருந்து வரும் தட்டை ஒரே தோட்டாவால் சுடுகிறார்கள். ஒலிம்பிக் வகையில் குழிக்குள் 15 பொறிகள், சுடுபவர் நிற்கும் ஒவ்வொரு மேடைக்கும் மூன்றாக இருக்கும். எந்தப் பொறி வீசும் என்று முன்கூட்டித் தெரியாது, தட்டும் 76 மீட்டர் வரை பாயும். வேகமும் கோணமும் கூடுதல் என்பதால் இரண்டாம் தோட்டா அனுமதிக்கப்படுகிறது. இரண்டையும் கலந்து படித்தால் குழப்பமே மிஞ்சும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இதையெல்லாம் மருமகளிடம் படித்துக் காட்டினேன். காப்பை விடுவித்தாயா என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "நினைவில்லை மாமா" என்றாள். அந்தத் தோட்டாவையும் அங்கேயே வீசிவிட்டாளாம். நடுவர் மீது எனக்கிருந்த கோபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அடுத்த வாரப் பயிற்சியில், விசை இழுத்தும் வெடிக்காவிட்டால் அசையாமல் நிற்பதை முதலில் பழக்கித் தருமாறு பயிற்சியாளரிடம் கேட்கவிருக்கிறோம்.