கம்பி போட்டா பல் வேர் கரையுமா? யாருக்கு ஆபத்து கூட?

கொட்டகலை அக்கா:
தங்கச்சிக்கு 14 வயசு. மேல் முன்பல் துருத்தியிருக்கு, கம்பி போடணும். ஓபிஜி (ரெண்டு தாடையும் ஒண்ணா விழுற பெரிய எக்ஸ்ரே) பார்த்த டொக்டர், "ஓரத்து வெட்டுப்பல்லோட வேர் நுனி ஒடுங்கியிருக்கு, கரையலாம்"னு சொன்னார். அவளுக்கு வீசிங் இருக்கு. போன வருஷம் விழுந்து முன்பல்லில அடியும் பட்டது. கம்பியே வேணாமா?

வேர்விழுது:
வேணாம்னு சொல்ல இது போதாது. கம்பி போடுற அநேகமா எல்லாருக்கும் வேர் கொஞ்சம் குறையும். பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்குள்ள. மூன்றில் ஒரு பங்குக்கு மேல கரையுறது நூற்றில் 1 முதல் 5 பேருக்குத்தான்.

பல் நகர்ற பக்கம் வேரைச் சுத்தியிருக்கிற சவ்வு நசுங்கி, ரத்த ஓட்டம் நின்னு, அந்த இடம் செத்துப்போகுது. அதைத் துப்புரவாக்க வர்ற செல்கள், வேரோட மேலுறையான சிமெண்டத்தையும் சேர்த்துச் சுரண்டிடுது. பக்கவாட்டில விழுந்த குழியைப் புது சிமெண்டம் மூடிரும். நுனி போனா போனதுதான். சொட்டுமருந்துக் குழாய் மாதிரி ஒடுங்கின வேரில அழுத்தம் முழுக்க நுனியில விழுறதால அங்க சீக்கிரம் கரையும். வளைஞ்ச நுனியும் அப்படித்தான்.

உங்க பட்டியல்ல வேர் வடிவமும் அடிபட்டதும் பெரிய விஷயம். வீசிங்குக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு சில ஆய்வுகள் சொல்லுது, ஆதாரம் அவ்வளவு பலமில்ல. அதுக்குப் பயந்து இன்ஹேலரை நிறுத்திடாதீங்க! பரம்பரைக்கும் பங்குண்டு. கூடப்பிறந்தவங்க யாருக்காவது கம்பி போட்டு வேர் குட்டையாகியிருந்தா டொக்டர்கிட்ட சொல்லுங்க.

ஃபில்ம் பார்ப்பவர்:
ஓபிஜியை மட்டும் நம்பாதீங்க. முன்பல் பகுதி அதில அடிக்கடி மங்கலா விழும், வேர் குட்டையாத் தெரியும். தொடங்குமுன் மேல் வெட்டுப்பல் நாலுக்கும் தனித்தனிச் சின்ன எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க. 6 மாசத்தில அதே கோணத்தில திரும்ப எடுக்கணும். கோணம் மாறினா ஒப்பிடவே முடியாது. வேர் குறைஞ்சிருந்தா 2, 3 மாசம் இழுவையில்லாம கம்பியைச் சும்மா விட்டு, பிறகு மெல்லிய விசையில தொடருவாங்க. பல்லை மேல எலும்புக்குள்ள அழுத்துறதும், வேரை உள்பக்கம் திருப்புறதும்தான் நுனியை அதிகம் சோதிக்கும். அதைக் குறைச்சு, பல் ஒழுங்கில ஒரு சின்னக் குறையோட முடிச்சாலும் நஷ்டமில்ல.

பேராதனை பல் வைத்தியசாலைக்கு அனுப்பினா பழைய ஃபில்மையும் கொண்டுபோங்க. மண் சரிஞ்சு பாதை மூடி கிளினிக் தவறினா, கம்பியில மாட்டுற ரப்பரைப் போட்டுக்கிட்டே இருக்கிறதா கழட்டுறதான்னு போன்ல கேட்டுக்கோங்க. சிகிச்சை இழுபட இழுபட வேருக்கு ஆபத்து கூடும்.

வேர்விழுது:
ஒண்ணு விட்டுப்போச்சு. அடிபட்ட பல்லுக்கு உணர்ச்சி இருக்கான்னு முதல்ல சோதிக்கணும். லேசான அடின்னா கம்பி போட 3 மாசம் பொறுத்தா போதும். பல் இடம் மாறியோ கழன்றோ போயிருந்தா குறைஞ்சது 6 மாசம், சிலநேரம் ஒரு வருஷம். உங்களுக்கு அந்தக் காலம் கடந்திருக்கும், ஆனா அடிபட்டப்பவே கரையத் தொடங்கியிருக்கான்னு அந்தச் சின்ன எக்ஸ்ரேயில பார்க்கணும். ரூட் கெனல் செய்த பல் கூடுதலாக் கரையும்கிற பயம் தேவையில்ல. நகம் கடிக்கிற பழக்கம் இருந்தா இப்பவே நிறுத்தப் பாருங்க.